கழுவி முடியாத வண்டி

மே 6, செவ்வாய்

படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற கேம்பர் வேனின் இடப்பக்கத்தைக் கழுவினேன். நாளைக்கு வலப்பக்கம். இருபத்தெட்டு அடி நீள வண்டியை வாங்கினால் இருபத்தெட்டு அடியையும் நானேதான் தேய்க்க வேண்டும் என்பது வாங்கும்போது தோன்றவில்லை. கோரின் சமையலறைச் சன்னலைத் திறந்து, ஒமாஹாவிலேயே மிகச் சுத்தமான, ஓடாத வண்டி நம்முடையதுதான் என்றாள். மனைவியின் பாராட்டு. எடுத்துக்கொண்டேன்.

மே 7, புதன்

வலப்பக்கம் முடிந்தது. எதிர்வீட்டு வெண்டல் வந்தான். குடியிருப்போர் சங்கத் தலைவன். இவ்வளவு பெரிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவது சங்க விதிப்படி குற்றம். சாமான் ஏற்றும்போதும் கழுவும்போதும் மட்டும் நிற்கலாம்.

"கழுவுறியா லைல், இல்ல கழுவுற மாதிரி நிக்கிறியா?"

கையிலிருந்த பஞ்சை உயர்த்திக் காட்டினேன். நுரை சொட்டியது. சட்டத்துக்கு அது போதும். போகிற போக்கில் தன் தபால் பெட்டியை ஒரு தடவு தடவிவிட்டுப் போனான். புதுப் பெட்டி. பழையதை நான்தான் சாய்த்தேன், போன அக்டோபரில், இந்த வண்டியை முதன்முதலாக வெளியே எடுத்த அன்று. கடைசியாக எடுத்ததும் அன்றுதான்.

மே 9, வெள்ளி

சக்கரங்கள். பழைய பல் பிரஷ்ஷால்.

மே 10, சனி

சாப்பாட்டு மேசையில் கோரின் விஷயத்தை வைத்தாள். தேவாலயத்து மூத்தோர் குழு பேருந்தில் ஒரிகன் கடற்கரைக்குப் போகிறது. ஓர் இடம் மிச்சம். அடுத்த ஞாயிறு பதில் சொல்ல வேண்டுமாம்.

அறுபத்து மூன்று வயது அவளுக்கு. நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்தவள் கண்ட கடலெல்லாம் சோளக்காடுதான். ஓய்வு பெற்றதும் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். வண்டி வாங்கியதே அதற்காக.

"உன்னோடதான் போகணும்னு இருந்தேன். ஆனா கடலப் பாக்காம நான் சாக மாட்டேன்" என்றாள்.

வண்டி சுத்தமானதும் கிளம்பிவிடலாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மே 13, செவ்வாய்

கூரை. மேலிருந்து கீழே கழுவ வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் கூரையைக் கடைசிக்கு வைத்தேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததும் ரப்பர் கூரையிலிருந்து சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக வழிந்தது. இத்தனை நாள் துடைத்த பக்கங்கள் இரண்டிலும் கோடு கோடாக இறங்கியது. போதாததற்குக் கட்டிலுக்கு மேலே இருந்த காற்றுத் திறப்பை மூடவில்லை. மெத்தை ஊறிவிட்டது.

வெண்டல் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னான்: "கவலைய விடு, இன்னும் ஒரு வாரத்துக்குச் சட்டப்படி நிக்கலாம்."

அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. மறந்துதான் மூடாமல் விட்டேனா? தெரியல. சத்தியமா தெரியல.

மே 14, புதன்

மெத்தையைப் புல்லில் காயவைத்தேன். வெண்டலின் நாய் அதில் படுத்தது. இதுவரை அந்த வண்டியால் சுகப்பட்ட ஒரே ஜீவன்.

மே 16, வெள்ளி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு வண்டி அழுக்கு.

மே 17, சனி

மறுபடி இடப்பக்கம். பாதி சோப்பு போட்டிருந்தேன். தண்ணீர் நின்றது. கோரின் குழாயை மூடிவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"நாளைக்கு நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும் லைல். உண்மையச் சொல்லு."

மழுப்பத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"பயமா இருக்கு கோரின். இந்த வண்டி பின்னாடி எங்க முடியுதுன்னே எனக்குத் தெரியல. மலைப்பாதையில உன்ன உக்கார வச்சிட்டு… என்னால முடியாது."

முப்பத்தெட்டு வருடத்தில் இப்படியொன்றை அவளிடம் சொன்னதில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். ஈரக் கையை என் சட்டையில் துடைத்தாள்.

"நீதான் ஓட்டணும்னு யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

"பதினஞ்சு வயசுல எங்கப்பாவோட சோள லாரிய ஓட்டுனவ நான். நீ கேட்டதே இல்ல. சாவி எங்க?"

என் கால்சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வண்டி வாசலிலிருந்து பின்பக்கமாக, ஒரே மூச்சில், வளைந்து தெருவுக்கு இறங்கியது. வெண்டல் ஓடிவந்து தபால் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அதற்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மாட்டை ஓட்டிப் போயிருக்கலாம். பாதி நுரையோடு தெருவைச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள். நான் வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றேன். வெட்கம் கொஞ்சம். சந்தோஷம்தான் அதிகம்.

மே 18, ஞாயிறு

பேருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த இடம் வெண்டலுக்குப் போனதாம்.

மே 22, வியாழன். வயோமிங்கில் எங்கோ

என் வேலைகள்: வரைபடம் பார்ப்பது, சாண்ட்விச் செய்வது, "லாரி வருது, லாரி வருது" என்று எச்சரிப்பது. கடைசி வேலையிலிருந்து இன்று நீக்கப்பட்டேன்.

மே 27, செவ்வாய். ஒரிகன்

மத்தியானம் கடல் தெரிந்தது. கோரின் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். "இவ்வளவு சத்தம் போடும்னு யாரும் சொல்லலையே" என்றாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் பார்த்தால் வண்டியின் முகமெல்லாம் செத்த பூச்சி. பக்கமெல்லாம் புழுதி, அதன்மேல் உப்பு. உள்ளே தரை முழுக்க அவள் கொண்டுவந்த மணல். கை பரபரத்தது. பஞ்சை எடுத்துக்கொண்டு வாளியைத் தேடினேன்.

அவள் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தாள். கடல் தண்ணீரை மொண்டு வந்து, என் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு.

பஞ்சை வண்டிக்குள் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். நாலு கால்களுக்கு அந்த வாளி சிறிது. தண்ணீர் நல்ல குளிர்.