காய்ச்சலும் பாய்ச்சலும் பேட்டரியும்

கார்த்திகை 4, புதன்

மழை விட்டிருக்கிறது. சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு. வரப்பிலிருந்தே தெரிகிறது, வெள்ளை வெள்ளையாக. அடுத்த மழைக்குள் மருந்து அடித்தாக வேண்டும்.

பேட்டரி ஸ்பிரேயர் பாதி டேங்க்கில் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபிறகு வாங்கியது. மெஷினைத் தூக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். இவர் கெஞ்சி, அரை டேங்க்தான், பேட்டரிதான், கையால் பம்ப் அடிக்கவே மாட்டேன் என்று பேரம் பேசி வந்தார்.

புளி வாங்கணும்.

கார்த்திகை 5, வியாழன்

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் அதே கதை. கேட்டால், போன தடவை அடித்ததிலிருந்து காலியாகவேதான் வைத்திருந்தாராம். வேண்டுமென்றே!

"பாதியில போட்டா அது பாதியையே ஞாபகம் வெச்சுக்கும் சுமதி. அப்புறம் பாதிதான் உழைக்கும்."

பட்டன் போன் காலத்தில் யாரோ சொன்னது. அதோடு சொந்த வயல் ஞானம் வேறு.

"நெல்லுக்கு என்ன செய்றோம்? காய விட்டுத்தானே தண்ணி கட்டுறோம்? காய்ச்சலும் பாய்ச்சலும். அப்பதான் வேர் எறங்கும்."

பேட்டரிக்கு வேர் எங்கே என்று கேட்டேன். முறைத்தார்.

திருச்சியில் படிக்கும் மகள் மலருக்கு போன். "அப்பா சொல்றது பழைய நிக்கல் பேட்டரிம்மா. அதுலயே எப்பவாவதுதான் அப்படி ஆகும். இது ஈய பேட்டரி. காலியா வெச்சாதான் கெடும். அடிச்ச அன்னிக்கே சார்ஜ் போட்டுடணும். அப்பாகிட்ட குடு."

கொடுத்தேன். "சரிம்மா. சரிம்மா. சாப்டியா?" வைத்துவிட்டார்.

கார்த்திகை 6, வெள்ளி

பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு கும்பகோணம். கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்து, "செத்துப்போச்சுக்கா" என்றார். புதுசு திங்கள்கிழமைதான் வருமாம். வாடகைக்கு மெஷின் இல்லை. ஆள் இல்லை. எல்லார் வயலிலும் புழு. டிவியில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்கிறான்.

பஸ்ஸில் திருவிடைமருதூர் வரை நின்றுகொண்டே. புளி மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால், பரணில் கிடந்த பழைய கை ஸ்பிரேயரை இறக்கி வாஷர் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் வந்து புழு பொறுக்குவாரா?"

சண்டை. பிறகு அடுப்படியில் போய் அழுதேன். வாஷருக்கு எண்ணெய் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

கார்த்திகை 7, சனி

இவர் பல் விளக்கும்போது ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு நானே வயலுக்குப் போய்விட்டேன். மூக்கில் துண்டு கட்டி, முழங்கால் சேற்றில். ஒரு கை பம்ப் அடிக்க, ஒரு கை மருந்து அடிக்க. என்ன கனம்! இதையா இவர் தூக்க இருந்தார்?

பின்னாலேயே ஓடி வந்துவிட்டார். வரப்பில் நின்று ஒரே கத்தல். "காத்துக்கு எதுக்க அடிக்காத! ஏ சுமதி, வந்துடு! நான் அடிக்கிறேன்!" கத்தினால் நெஞ்சுக்கு ஆகாதே என்று எனக்கு அந்தப் பயம் வேறு. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறக்கி வைத்துவிடுவேன்.

ஒரு மா நிலம் முடிந்தது. மீதி நாளைக்கு.

கார்த்திகை 8, ஞாயிறு

மேகம் கறுத்திருக்கிறது, பெய்யவில்லை. மீதியும் அடித்துவிட்டேன். புழு சாகுமா தெரியாது.

தோளைத் தூக்க முடியவில்லை. சாயங்காலம் இவர் தைலம் தேய்த்துவிட்டார். "என்னாலதான் ஒனக்கு இந்தக் கஷ்டம்" என்றார். கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வந்ததில்லை.

இதுதான் சமயம் என்று, "புதுசு வந்தா அடிச்ச அன்னிக்கே சார்ஜ் போட்டுடலாங்க" என்றேன்.

தேய்த்த கை நின்றது. யோசித்தார்.

"போடலாம். ஆனா மொத தடவை மட்டும் நல்லா காய விட்டுடுவோம்."