நாற்காலிச் சின்னத்துக்கு விழுந்த வாக்குகள்

பிப்ரவரி 4

குழாய்க்காரர் வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். இன்னும் சொட்டுகிறது. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மாலையில் பதிப்பாளர் பெட்டிகளை அனுப்பிவைத்தார். எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாறு, முந்நூறு பிரதிகள். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆறு வருடம் இதற்குத்தான் போனது. அட்டையைத் தடவிப் பார்த்தேன். பிறகு நேராக 142ஆம் பக்கத்தைத் திறந்தேன். இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? நான்தானே எழுதினேன்.

“இம்முறை பேராசிரியர் 611 வாக்கு வித்தியாசத்தில் வக்கீலிடம் தோற்றார். பேராசிரியரின் பெயரையே கொண்ட சுயேச்சை ஒருவர், எதிர்த்தரப்பால் நிறுத்தப்பட்டவர், நாற்காலிச் சின்னத்தில் 4,218 வாக்குகளைப் பிரித்தார். அவை பேராசிரியருக்கென்று நினைத்து மக்கள் தவறி அளித்தவை.”

அந்தச் சுயேச்சை இன்று என் சம்பந்தி. மகளின் மாமனார்.

பிப்ரவரி 5

ஏன் எழுதினேன்?

அன்றைய பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. அந்த வரியை விட்டிருந்தால், உறவுக்காரனைக் காப்பாற்றினான் என்பார்கள். எனவே சேர்த்தேன். அதற்கு நடுநிலை என்று பெயரும் வைத்துக்கொண்டேன். தோற்ற பேராசிரியரின் தரப்பில் மூன்று பேரைப் பார்த்துப் பேசினேன். வக்கீலின் மகனைப் பார்க்க இரண்டு பேருந்து மாறிப் போனேன். சம்பந்தி வீடு அடுத்த தெரு. அவருடைய டிரைவிங் ஸ்கூல் பலகை என் மாடியிலிருந்தே தெரியும். எத்தனை முறை அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் முகம் மாறிவிடுமோ என்ற பயம். அவ்வளவுதான். நடுநிலையாவது மண்ணாங்கட்டியாவது.

பிப்ரவரி 9

நூலக அரங்கில் வெளியீடு. சம்பந்தி கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். தன் டிரைவர்களை எல்லாம் அழைத்து வந்து முதல் வரிசையை நிரப்பிவிட்டார். பத்துப் பிரதிகள் வாங்கினார்.

“எங்க சம்பந்தி எழுதினதுப்பா! எலக்‌ஷன்ல நிக்கறது பெரிசில்ல. அத உக்காந்து எழுதறதுதான் பெரிசு.”

கண் அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்தான் ஆகிறது, அவரால் படிக்க முடியாது. “மருமக படிச்சுக் காட்டுவா. தினம் சாயங்காலம் ஒரு அத்தியாயம். நான் எதுல வர்றேன்னு சொல்லிடாதீங்க, சஸ்பென்சா இருக்கட்டும்.”

ஏழாவதில். சொல்லவில்லை.

பிப்ரவரி 10

முதல் அத்தியாயம் படித்தாயிற்றாம். மகள் போனில் சொன்னாள். “மாமா கைதட்டினாருப்பா.”

பிப்ரவரி 12

மூன்றாவது. தொகுதியின் எல்லையை மாற்றி வரைந்து துறைமுகப் பகுதியைப் பக்கத்துத் தொகுதியில் சேர்த்த கதை. சம்பந்தியே போன் செய்தார்.

“ஒரே தெருவுல இந்தப் பக்கம் ஒரு எம்.பி., அந்தப் பக்கம் இன்னொரு எம்.பி.யா? குறுக்க நிக்கற மாடு யாருகிட்ட மனு குடுக்கும் சம்பந்தி?”

சிரித்தேன். போனை வைத்தபின், ஏழாவதுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

பிப்ரவரி 13

போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்யைச் சம்பந்தியிடம் சொன்னேன்: உங்க பிரதியில பக்கங்கள் மாறி அச்சாகியிருக்கு, குடுங்க, வேற தர்றேன்.

“மாறினா என்ன? நான் ரிவர்ஸ்லயே ஊர் சுத்தினவன்” என்றார். பிறகு தானாகவே அந்தத் தேர்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “சின்னம் கேட்டாங்க. ஸ்டியரிங் குடுங்கன்னேன். நாற்காலி குடுத்தாங்க. உக்காரத்தான் விடல.”

அப்போது கேட்டிருக்கலாம். ஏன் நின்றீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. காபி ஆறுகிறது என்று சொல்லிவிட்டுக் குடித்தேன்.

பிப்ரவரி 15

மகள் ஏழாவதை முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, இத என் வாயால எப்படிப்பா படிப்பேன்?”

“அன்னிக்குப் பத்திரிகை எல்லாத்துலயும்…”

“பத்திரிகையா என்னை இந்த வீட்டுல கட்டிக்குடுத்துச்சு?”

போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16

இன்று ஏழு. யாரும் அழைக்கவில்லை.

பிப்ரவரி 17

காலையிலேயே சம்பந்தி வந்துவிட்டார். உள்ளே வந்து உட்காரவும் இல்லை. வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நியாயமா எழுதியிருக்கீங்க சம்பந்தி. ‘சுயேச்சையாக நின்று, தன் மனதில் பட்டதைச் சொல்லி, நாலாயிரத்துக்கு மேல் வாக்கு வாங்கினார்’. மருமகள ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன். இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட என்னை இப்படி எழுதினதில்ல.”

அப்படி ஒரு வரி புத்தகத்தில் இல்லை. என் மகள் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டியது.

சீ. என்ன மனுஷன் நான்? என் பயத்துக்காக என் பெண் அந்த வீட்டில் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே. மீதி ஒன்பது பிரதிகள் அவருடைய டிரைவர்கள் கையில் இருக்கின்றன. ஒருவன் படித்துவிட்டு வாயைத் திறந்தால் போதும். அவர் முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்?

பிப்ரவரி 18

போய் வந்துவிட்டேன். ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

அவர் ஊஞ்சலில் இருந்தார். புத்தகத்தைத் திறந்து அந்த மூன்று வாக்கியங்களையும் படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். மகள் சமையலறை வாசலில் நின்றாள்.

“அப்ப மருமக படிச்சது?”

“அது அவளா சொன்னது. எனக்காக. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “உங்கப்பாவவிட நீ நல்லா எழுதறம்மா.” அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

பிறகு என்னிடம் சொன்னார்: “ஆள் வந்தாங்க, அது நிஜம். பேராசிரியரோட ஆளுங்க. ஒரே பேரு, குழப்பம் வரும், வாபஸ் வாங்குன்னாங்க. ‘எங்கப்பா வச்ச பேரு, அத எப்படிங்க வாபஸ் வாங்கறது’ன்னேன். வக்கீல் பக்கம் ஒரு ஈ காக்கா வரல.”

ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

“அது போகட்டும். நாலாயிரத்து இருநூத்திப் பதினெட்டு பேரு. அத்தன பேருமா தப்பா குத்தினாங்க? தெரிஞ்சு ஒருத்தன்கூடவா குத்தல? நீங்க படிச்சவரு. சொல்லுங்க சார்.”

சார். மகள் கல்யாணத்திலிருந்து ஒரு நாள்கூட அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிப்ரவரி 19

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நான் அவருக்குத்தான் போட்டேன்.”

“பேர்க் குழப்பத்துலயா?” வாயில் வந்துவிட்டது.

“எனக்குப் படிக்கத் தெரியும்” என்று முறைத்தாள். “எல் போர்டு மாட்டின கார்ல, தனியா, தெருத்தெருவா வந்தாரு. மத்தவங்க கும்பிட்டுட்டுப் போனாங்க. ஆளில்லாத ரயில்வே கேட்டப் பத்திப் பேசினது அவர் ஒருத்தர்தான். அங்க அவர்கிட்ட வண்டி கத்துக்கிட்ட பொண்ணு ஒண்ணு செத்துப்போச்சு. அந்தக் கேட்டுக்கு ஒரு ஆள் வேணும்னாரு. வேற ஒண்ணும் கேக்கல.”

“இத ஏன் நீ சொல்லவே இல்ல?”

“பேராசிரியர் தோத்த அன்னிக்கு நீங்க சாப்பிடக்கூட இல்ல. அந்த மூஞ்சியப் பாத்துட்டு யார் சொல்வா? அப்புறம் சம்பந்தமே அந்த வீட்டுல அமைஞ்சது. பழச எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன். ஆறு வருஷமா ஊரெல்லாம் போய்க் கேட்டீங்களே, அடுப்படிக்கு வந்து ஒரு தடவ கேட்டீங்களா?”

இல்லை. கேட்கவில்லை.

அந்த வரி பத்திரிகையிலிருந்து வந்ததா, அன்று சாப்பிடாமல் படுத்தவனிடமிருந்து வந்ததா? இனி எனக்கே நிச்சயமில்லை.

பிப்ரவரி 24

பதிப்பாளரைப் பார்த்துத் திருத்தச் சீட்டு வேண்டும் என்றேன். “டெபாசிட் போன ஒரு சுயேச்சைக்காகவா சார்? யாரு கவனிக்கப் போறா?” என்று சிரித்தார். வழக்கம்போல நானும் சிரித்துவிட்டு வந்திருப்பேன். இன்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்.

“பக்கம் 142: ‘எதிர்த்தரப்பால் நிறுத்தப்பட்டவர்’ என்பதற்கு ஆதாரம் இல்லை. நூலாசிரியர் அவரைக் கேட்கவே இல்லை. அவருக்கு விழுந்த வாக்குகள் எல்லாம் தவறி அளித்தவை என்பதும் பிழை. தெரிந்தே அளித்த ஒரு வாக்காவது உண்டு. ஆதாரம்: நூலாசிரியரின் மனைவி.”

பிப்ரவரி 27

விற்காத பிரதிகளில் ஒட்டியாயிற்று. மனைவி பசை தடவினாள், நான் ஒட்டினேன். “கோணலா இருக்கு” என்று எட்டு சீட்டுகளைப் பிய்த்து மறுபடி ஒட்டவைத்தாள்.

மார்ச் 2

வாங்கியவர்களின் வீடுகளுக்குச் சீட்டோடு போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் அழைப்பு மணியை அழுத்துமுன் திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது. நூலகர் மட்டும் சீட்டைப் படித்துவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தார். சம்பந்தி வீட்டுப் பிரதிகளுக்கான சீட்டுகளை மகளிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு தகவலும் இல்லை.

மார்ச் 6

தெருமுனையில் அவருடைய கார் என்னைக் கடந்து போனது. முன் சீட்டில் அவர்தான். கார் நிற்கவில்லை.

மார்ச் 11

குழாய்க்காரரை மறுபடி கூப்பிட்டு, சொட்டுகிறது என்று சொன்னேன். சரிசெய்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

பத்து மணிக்குப் போன்.

“புதுக் கண்ணாடி வந்திருக்கு. சீட்ட நானே படிச்சேன். இனிமே மருமகள நம்ப முடியாது பாருங்க.” குரலில் சிரிப்பு இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. “உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க.”

கொடுத்தேன். அரை மணி நேரம் பேசினார்கள். ரயில்வே கேட், எல் போர்டு, மழையில் நின்றுபோன கார். இவள் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒருமுறை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் போனை என்னிடம் நீட்டினாள்.

“உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்.”

“அந்தத் தடவ நீங்க யாருக்குப் போட்டீங்க?” என்றார்.

“பேராசிரியருக்கு.”

மறுமுனையில் ஊஞ்சல் கிறீச்சிடுவது கேட்டது.

“தெரிஞ்சேதானா? இல்ல, எனக்குன்னு நெனச்சுத் தப்பா குத்திட்டீங்களா, சம்பந்தி?”