ஆறரையிலிருந்து பத்தரை வரை

பெப்ரவரி 9, திங்கள்

இன்றைக்கும் அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது. வகுப்பில் வட்டி படிப்பித்துக்கொண்டு நின்றபோதும் இதே யோசனைதான்.

என் மனுசன் லெனாட் படகையும் எஞ்சினையும் விற்று, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, மின்சாரக் கார் எடுத்து மூன்று மாதம். பலாலி விமான நிலைய ஹயர், கலியாண ஹயர் என்று ஓட்டம் பரவாயில்லை. ஆனால் வீட்டில் சார்ஜ் போடத் தொடங்கியதிலிருந்து கரண்ட் பில்லைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பழைய கட்டணத்தில் பாவிக்கப் பாவிக்க யூனிட் விலையும் ஏறிக்கொண்டே போகும். நேரப்படி கட்டணத்துக்கு மாறினால் இரவு பத்தரையிலிருந்து விடிய ஐந்தரை வரை மலிவு. பகலில் நடுத்தரம். பின்னேரம் ஆறரையிலிருந்து பத்தரை வரை நெருப்பு விலை.

வயரிங் செய்த பிலிப்பு சொன்னார்: “இரவிலை கார் ஏத்துறவைக்கு நல்லது ரீச்சர். ஆனால் பின்னேரத்திலை கை வைக்கப்படாது. வைச்சியளோ, மிச்சம் பிடிச்சதெல்லாம் அதிலையே போயிடும்.”

லெனாட்டைக் கேட்டால், “நீதானே கணக்கு ரீச்சர், நீயே முடிவெடு” என்கிறார். நல்ல கதை. பிழை வந்தால் யாருடைய தலையில் விழும்?

எனக்குப் பயம் வந்தால் கணக்குப் போடுவேன். மூன்று தரம் போட்டாயிற்று. மூன்று தரமும் மாறுவதுதான் சரி என்று வருகிறது. பிறகென்ன பயம் உனக்கு, ஜெசிதா?

பெப்ரவரி 10, செவ்வாய்

கையெழுத்து வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 16, திங்கள்

இன்று முதல் புது மீற்றர். காலையில் மாமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து, மத்தியானம் அட்டவணை கீறினேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. மகள் ஷெரோனுக்கு ஒன்பது வயது. நிறம் தீட்டுவது அவளுடைய வேலை. சிவப்புக் கட்டத்துக்குள் எழுதியது: தண்ணி மோட்டர், அயன், ரைஸ் குக்கர், வோசிங் மெசின், கார். அடியில் பெரிய எழுத்தில், “தேவையில்லாத எதுவும் ஓடக்கூடாது.” பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, பிரிட்ஜைப் பிடித்தபடி நின்று, முழுவதையும் வாசித்தார். மாமா என்றால் லெனாட்டின் தகப்பன், யாகப்பு. நாற்பது வருஷம் கடலட்டை பிடிக்கக் கடலுக்குள் சுழியோடியவர். கடலும் சுருட்டும் சேர்ந்து சுவாசப்பையைத் தின்றுவிட்டன. பின் அறையில் ஒட்சிசன் மெசின், மூக்கில் குழாய். பிரான்சிலிருந்து மச்சாள் பெர்னடெட் அனுப்பிய காசில் வாங்கியது.

“நல்ல வடிவா எழுதியிருக்கிறாய் பிள்ளை” என்றார்.

மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்லக்கூடாது.

பெப்ரவரி 18, புதன்

திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டது. மாமா இந்த முறை தன் ஒறுத்தல் என்று பின்னேரத்தில் ரீவியும் மின்விசிறியும் வேண்டாம் என்றுவிட்டார். போன வருஷம் தேத்தண்ணியை விட்டவர். செபமாலை நேரம் மெசினையும் நிப்பாட்டச் சொன்னார். “உந்த இரைச்சலுக்குள்ளை மாதாவுக்கு என்ன கேக்கப்போகுது?” கொஞ்ச நேரம் நிப்பாட்டலாம் என்று முந்தி டொக்டரே சொன்னதுதான். சரி என்றேன்.

பெப்ரவரி 26, வியாழன்

லெனாட் பத்தரைக்கு அலாரம் வைத்து எழும்பிப் போய்க் காருக்குப் பிளக் போடுகிறார். டைமரை நம்பமாட்டார். நானும் நம்பமாட்டேன். கூடப் போய் மீற்றரைப் பார்த்துவிட்டு வருகிறேன். பைத்தியங்கள்.

பின்னேரங்களில் வீடு நல்ல அமைதி. ஏழே காலிலிருந்து ஒன்பது வரை முன் விறாந்தையில் ரியூசன். பன்னிரண்டு பிள்ளைகள். முன்பு பின்னுக்கிருந்து ஒரு இரைச்சல் கேட்டபடி இருக்கும். இப்போது தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை.

மார்ச் 2, திங்கள்

மாமாவின் விரல் நுனி நீலமாகத் தெரிந்தது. வெளிச்சம் காணாது என்று நினைத்துப் போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். நீலம்தான்.

விரலில் கொழுவிப் பார்க்கும் கருவியில் ஒட்சிசன் அளவு எண்பத்தாறு. போன மாதம் இந்த நேரத்துக்குத் தொண்ணூற்றிரண்டு காட்டியது.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் தொண்ணூற்றொன்று. அப்பாடா. இரவு எட்டுக்கு எண்பத்தைந்து. ஏன்?

மார்ச் 7, சனி

செபமாலையில் “அருள் நிறைந்த மரியே”யின் இரண்டாம் பாதியை மாமாவால் முடிக்க முடியவில்லை. “எங்களுக்காக” என்பதோடு நின்றுவிட்டது. ஷெரோன் குரலை உயர்த்தி மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். நான் கும்பிட்டபடி மாமாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு.

நோய் கூடுகிறது. வேறென்ன? லெனாட்டிடம் சொன்னேன். “வயசு போகுது ஜெசி” என்றுவிட்டு அங்காலே திரும்பிப் படுத்துக்கொண்டார். நித்திரை கொள்ளவில்லை, எனக்குத் தெரியும்.

மார்ச் 11, புதன்

ரியூசன் முடிந்து எட்டிப் பார்த்தேன். குழாய் மூக்கில் இருந்தது. கண்ணை மூடியிருந்தார். எழுப்பாமல் வந்துவிட்டேன்.

இந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வகுப்பில் சோக்கட்டியைப் பிடித்தபடி என்ன எழுத வந்தேன் என்று மறந்து நிற்கிறேன்.

மார்ச் 14, சனி. பெரியாஸ்பத்திரி

கொப்பியை ரியூசன் பையோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் எழுதுகிறேன் தெரியாது.

ஒன்பது மணிக்குக் கிட்ட ஷெரோன் விறாந்தைக்கு வந்து, “அம்மா, அப்பப்பா கூப்பிடக் கூப்பிடக் கதைக்கிறாரில்லை” என்றாள். ஓடினேன். உதடு கறுத்துப்போய். குழாய் மூக்கில் இருக்கு, மனுசன் நினைவில்லை. லெனாட் தோளில் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏற்றினார். கார் பன்னிரண்டு வீதத்தில் நிற்குது, பத்தரைக்குத்தானே சார்ஜ். ஆஸ்பத்திரி கிட்ட எண்டபடியால் தப்பினோம். கொடிகாமம் போலத் தூரத்தில் வீடு எண்டால்? நினைக்கமாட்டேன். நினைக்கமாட்டேன்.

ஒட்சிசன் ஏத்துகினம். இன்னும் கண் திறக்கேல்லை.

மாதாவே.

மார்ச் 15, ஞாயிறு

விடிய நாலு மணிக்குக் கண் திறந்தார்.

காலையில் டொக்டர் வந்தவுடன் கேட்டது மெசினைப் பற்றித்தான். “வீட்டை ஒழுங்கா ஓடுதோ? அதிலை எத்தினை மணித்தியாலம் ஓடினதெண்டு இலக்கம் காட்டும். பாத்து எழுதிக்கொண்டு வாங்கோ.” மெசின் பழுதாக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பழுதென்றால் நல்லதுதானே, திருத்தலாம்.

இலக்கம் 6678. கிளினிக் கொப்பியில் பழைய இலக்கங்கள் இருந்தன. ஜனவரி 19இல் 5594. பெப்ரவரி 16இல் 6210. முதல் இருபத்தெட்டு நாளுக்கு 616 மணித்தியாலம், நாளுக்கு இருபத்திரண்டு. பிறகு இருபத்தாறு நாளுக்கு 468. நாளுக்குப் பதினெட்டு.

இன்னொரு தரம் போட்டேன். பதினெட்டுத்தான். மெசினைப் போட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை.

நாளுக்கு நாலு மணித்தியாலம் குறைகிறது. எந்த நாலு என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பிரிட்ஜ் கதவில் சிவப்பில் ஒட்டி வைத்தவளே நான்தான்.

அமைதியாம். ரியூசனுக்கு நல்ல அமைதியாம். எழுதியிருக்கிறேனே இங்கே, என் கையால். அந்த மனுசன் நிப்பாட்டின மெசினின்ரை குழாயை மூக்கிலை கொழுவிக்கொண்டு, நான் எட்டிப் பாக்கேக்கை கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்குது. நானும் பாத்திட்டு வந்திருக்கிறன். ஐயோ, நான் என்ன பொம்பிளை?

மார்ச் 18, புதன்

மாமாவை வீட்டுக்கு விட்டார்கள். லெனாட் ஹயருக்குப் போனதும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். மறைக்கவில்லை. களவு பிடிபட்ட ஷெரோனைப் போலச் சிரித்தார்.

“பத்தரைக்குக் கார் பிளக் போடுற சத்தம் கேக்கும். அதோடை நானும் போட்டிடுவன்.”

“ஏன் மாமா?”

“டொக்டர் நாளுக்குக் குறைஞ்சது பதினாறு மணித்தியாலம் எண்டவர். நாலை விட்டாலும் கணக்குச் சரிதானே பிள்ளை?”

என்னிடமே கணக்கு. “அது பொதுவாச் சொல்லுற கணக்கு மாமா. உங்களுக்கு இனி நிப்பாட்டவே கூடாதாம்” என்றேன். அவர் சுவரைப் பார்த்தார். “படகை வித்துக் கார் எடடா எண்டது நான். கார் தோத்தால் அவன் எங்கை போவான்? தேவையில்லாத ஒண்டும் ஓடக்கூடாதெண்டு நீதானே எழுதியிருக்கிறாய்.”

சிவப்புக் கட்டத்துக்குள் மோட்டரை எழுதினேன், அயனை எழுதினேன். ‘மெசின் எந்நேரமும் ஓடும்’ என்று ஒரு வரி எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. மூச்சு விடுங்கோ என்று யாராவது எழுதி ஒட்டுவார்களா?

அட்டவணையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு, முதலே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். மெசின் நாலு மணித்தியாலம் ஓடினால் ஒன்றரை யூனிட்டும் இல்லை. நெருப்பு விலையிலும் ஒரு ரோல்சும் ஒரு பால் தேத்தண்ணியும் வாங்கும் காசு. அதற்காகவா? மாமாவுக்குக் கணக்கை வாசித்தும் காட்டினேன். “நீ எனக்காகக் குறைச்சுச் சொல்லுறாய்” என்றார். கடைசியில் மாதா மேலே சத்தியம் வாங்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

ரியூசனை இடையில் விட்டுவிட்டுப் பின்னுக்குப் போனேன். சத்தமில்லை. சுவிச் நிப்பாட்டிக் கிடக்கிறது, மனுசன் குழாயோடு படுத்திருக்கிறார்.

“மாதாவிலை சத்தியம் பண்ணினீங்கள் மாமா!”

“மாதாவுக்கு விளங்கும்” என்றார்.

இனி நான் பள்ளிக்கூடம் போவதா, அந்தச் சுவிச்சுக்குக் காவல் இருப்பதா? அடுத்த முறையும் ஷெரோன் அந்த நேரத்தில் எட்டிப் பார்ப்பாளா? பார்க்காவிட்டால்?

லெனாட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழும்பிப் போய்க் காருக்குள் இருந்தார், வெகுநேரம்.

மார்ச் 25, புதன்



லெனாட் ஆறு மணிக்கே வந்துவிட்டார். ஆறே முக்காலுக்கு மாமாவின் அறையில் சத்தம் நின்றது. லெனாட் எழும்பினார். தகப்பனிடம் போகவில்லை. முற்றத்துக்குப் போனார். காருக்குப் பிளக் போட்டார்.

“இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்? ஏழு மணியும் ஆகேல்லை!”

“தெரியும்.” பிறகு பின் அறை ஜன்னலுக்குக் கேட்கக் கத்தினார். “அப்பா! கார் ஏறுது! நீங்கள் மெசினைப் போடுமட்டும் ஏறும்! ஒவ்வொரு நாளும் ஏறும்!”

“டேய்! விசரே உனக்கு?”

“ஓம், விசர்தான்! உங்கடை மோன்தானே!”

நான் மீற்றருக்கும் மாமாவின் கதவுக்கும் இடையில் ஓடித் திரிந்தேன். கார் ஒரு மணித்தியாலம் குடிக்கும் கரண்டில் மாமாவின் மெசினை ஐந்து பின்னேரம் ஓட்டலாம். மாமா கட்டிலில் நிமிர்ந்து இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி. லெனாட் காரில் சாய்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு. இரண்டு பேரும் ஒரே அச்சு. எண்பத்தெட்டு. எண்பத்தாறு. எண்பத்தைந்து. நான் சுவிச்சுக்குக் கை நீட்ட, மாமா என் கையைத் தட்டிவிட்டார். முற்றத்தைப் பார்த்து, “காணும், விடுங்கோ, செத்திடப் போறார்!” என்று கத்தினேன். லெனாட் அசையவில்லை. அப்போதுதான் பார்த்தேன், முகமெல்லாம் கண்ணீர் அவருக்கு.

பதினேழு நிமிஷம். நான் எண்ணினேன்.

மாமா கையை நீட்டிச் சுவிச்சை அமத்தினார். மெசின் இரைந்தது. இரண்டு மூச்சு எடுத்த பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

“போய்க் கழட்டடா, காசு போகுது.”

லெனாட் கழட்டினார். உள்ளே வந்து தகப்பனின் காலடியில் நிலத்தில் இருந்தார். நான் ரியூசன் பிள்ளைகளை இன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

மார்ச் 26, வியாழன்

ஆறே முக்கால். லெனாட் பிளக்கைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்கு நேரே நின்றார். மெசின் நிற்கவில்லை. பத்து நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

இலக்கம் பார்த்தேன். நாளுக்கு இருபத்து மூன்று. ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். இது எப்போது என்னை விட்டுப் போகும் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஏழு இருபதுக்கு, வர்க்கமூலம் படிப்பித்துக்கொண்டிருக்க, கரண்ட் போய்விட்டது. குருநகர் முழுக்க இருட்டு. இப்போது ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று மாமாவின் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. திறக்கிற விதத்தை லெனாட் மூன்று தரம் காட்டித் தந்திருக்கிறார். போன் லைட்டை அடித்துக்கொண்டு, பிள்ளைகளின் புத்தகப் பைகளில் தடக்குப்பட்டுக்கொண்டு ஓடினேன்.

நான் அறைக்குப் போய்ச் சேர முதலே இருட்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல், இருக்கிற மூச்செல்லாம் சேர்த்து:

“பிள்ளை! நான் நிப்பாட்டேல்லை! லெனாட்டிட்டைச் சொல்லு, நான் நிப்பாட்டேல்லை!”