இருட்டில் கத்திய குரல்

1931 மே 8, வெள்ளி

வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்திருக்கும் படக் கொட்டகையில் மாலை வேலை. ஊமைப்படத்தின் கதையைத் திரையோரம் இருட்டில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். எம்.ஏ. படிக்கிறேன் என்றால் முதலாளி சேர்க்கமாட்டார். எட்டாம் வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில், சிநேகிதனோடு படிக்கப் போவதாகப் பொய்.

இன்று சண்டைக் காட்சியில், "விடாதே, குத்து!" என்று கத்தும்போதுதான் பார்த்தேன். முன்வரிசை மணலில் அய்யா, பக்கத்துத் தோட்டக்காரரோடு.

"என்னா தொண்டை! ஒங்க மகன் மாதிரி படிச்சிருந்தா இவன் இங்கன நின்னு கத்துவானா?" என்றார் தோட்டக்காரர்.

அய்யா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதையைப் பாதியில் நிறுத்த வழியில்லை. குரலை மாற்றிக்கொண்டு கத்தி முடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அய்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மா சுக்குத் தண்ணியை நீட்டினாள்.

"தொண்டைக்கு நல்லதாம். ஒங்கய்யாதான் போடச் சொன்னாக."

இன்னும் குடிக்கவில்லை.