கல்லுக்குத் தக்க மீன்

மச்சான்,

உன் மீன் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவர் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறது. உள்ளே நீ ஆசைப்பட்ட அந்த நியான் மீன்கள், நீலக் கோடும் சிவப்பு வாலுமாக, ஊசி ஊசியாக ஓடுகின்றன. கவரோடு கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, தண்ணீரின் சூடு பழகிய பிறகுதான் திறந்துவிட வேண்டும் என்பாய். பழகி வெகுநேரமாகிவிட்டது. எனக்குத்தான் திறக்கக் கை வரவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே நிறுத்தி, "மாமா, இதையுமா எழுதணும்?" என்கிறாள். எழுது தாயி என்கிறேன்.

சங்கு குளிக்க நாம் ஒரே வள்ளத்தில் போனோம். காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் கிடந்துவிட்டு, ஒரு நாள் நீ நின்று நின்று ஏறாமல் அவசரமாக மேலே வந்துவிட்டாய். அன்றோடு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. அதன் பிறகு நீ கட்டிலில், நான் கடலில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் உன் வீட்டுக்கு வருவேன். நீ கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாய். நானும் சொல்ல மாட்டேன். கிரிக்கெட்டைப் பேசிவிட்டுக் காப்பி குடித்துப் போவேன்.

உன் மகள் கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுத்த பிறகுதான் உன் முகத்தில் வெளிச்சம் வந்தது. கட்டிலோரத்து ஸ்டூலில் அதை வைத்து, சாய்ந்து உட்கார்ந்தபடியே மணலைப் பரப்பினாய். பின்பக்கம் மேடு, முன்பக்கம் சரிவு. ஆற்றுக் கூழாங்கல்லைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்துப் பாதியை ஒதுக்கினாய்.

"நடுவுல ஒரு பெரிய கல்லு வேணும்லே. சரியா நடுவுல வேண்டாம், கொஞ்சம் ஒதுங்கி. மீனு போயி ஒளிய இடம் வேணும்லா?"

"மீனுக்கு வீடு கட்டுதியோ? கதவு, சன்னல் வேண்டாமா?" என்றேன்.

அந்த வாரந்தான் திரேஸ்புரத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்தோம். கடல் பாறையை வெட்டியெடுத்துக் கட்டிய அந்தக் காலத்துச் சுவர். ஓட்டை ஓட்டையாக, தேனடை போல ஒரு கல் கிடைத்தது. கழுவிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஆற்றுக் கல்லெல்லாம் ஒரு கல்லா என்று எனக்கு நினைப்பு. கடலில் பிறந்ததைவிட மீனுக்கு எது ஒத்துக்கொள்ளும்?

நீ அதை வாங்கி மூக்கருகே வைத்து மோந்தாய். "கடலையே தூக்கிட்டு வந்துட்டியே மச்சான்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் காப்பி கேட்கும் சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

முதலில் நீ வாங்கியது இந்த நியான் மீனைத்தான். ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தது. செடியும் மஞ்சளாகி அழுகியது.

"எனக்குக் கைராசி இல்லலே" என்றாய்.

"கைராசி என்ன கைராசி? மலிவா கிடைச்ச மீனை வாங்கிருப்ப, கஞ்சப்பயலே" என்றேன் நான்.

அடுத்த தடவை வந்தபோது கறுப்பு மோலி மீன்கள் நீந்தின. நாடா போல நீளும் செடி வந்திருந்தது. அன்று முதல் எனக்கு அதுவே கேலி. "கரிக்கட்டைக்குத் தீனி போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசல்படி ஏறுவேன். நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுக் கல்லைப் பார்ப்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு, மகள் வீட்டோடு போகிற தங்கச்சி, உன் வீட்டுக்காரி, "அண்ணே, இது ஒங்க வீட்ல இருக்கட்டும்" என்று தொட்டியை என்னிடம் தந்தாள். தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, எதையும் கலைக்காமல் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். உன் ஆசை மீனை உனக்காக விடலாமென்று இன்று கடைக்குப் போனேன். உனக்கு வீட்டுக்கே மீன் கொண்டுவந்து தந்த அந்தக் கடைக்காரரிடம், உன் தொட்டிக்குத்தான் என்றேன். அவர் மீனை வலையில் அள்ளியபடியே கேட்டார்.

"தொட்டியில அந்தக் கடல் கல்லு கெடக்கா அண்ணாச்சி?"

"கெடக்கு. என்ன?"

"அது சுண்ணாம்புல்லா. தண்ணியில கரைஞ்சுக்கிட்டே இருக்கும். இந்த மீனுக்கு ஆகவே ஆகாது. ஒங்க கூட்டாளிட்ட அப்பவே சொன்னேன், கல்லை எடுத்திருங்கன்னு. அவரு கேக்கலியே."

"என்ன சொன்னான்?"

"'வீட்டுக்குள்ள வந்ததும் அவன் மொதல்ல அந்தக் கல்லைத்தான் பாக்கான். அது இருக்கட்டும், அதுக்குத் தக்கன மீனா குடும்'னாரு. நாந்தான் மோலி எடுத்துக் குடுத்தேன்."

கல்லை எடுத்துவிட்டுத் தண்ணீரையும் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி மீனை வாங்கிவந்தேன். உன் ஆசையை இப்போதாவது தீர்த்து வைக்கலாம் என்று நினைத்தேன்.

கையை விட்டுக் கல்லைத் தூக்கினேன், மச்சான். தோட்டமே கூட வந்தது. பாசியையும் செடியையும் நீ கல்லோடு கல்லாகத் தூண்டில் போடுகிற தங்கூசி நரம்பால் கட்டியிருக்கிறாய். சங்குப் பையைக் கயிற்றில் மாட்டுகிற நம் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. கூழாங்கற்களெல்லாம் அதில்தான் சாய்ந்து நின்றன. ஓட்டைகளுக்குள்ளிருந்து கறுப்பு மீன் குஞ்சுகள் மிளகைக் கொட்டினதுபோலச் சிதறி ஓடின. ஒரு முடிச்சையாவது அவிழ்க்கலாமென்று நகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். நகம்தான் பிய்ந்தது. கல்லை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாலே? "நீ கொண்டாந்த கல்லுதாம்லே மீனைக் கொல்லுது" என்று சொல்லியிருந்தால் தூக்கி எறிந்திருப்பேனே. ஆனால் அடுத்த ஞாயிறு வந்திருப்பேனா? அது எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. கஞ்சப்பயல் என்றும் கரிக்கட்டை என்றும் நான் கேலி செய்தபோதெல்லாம் வாயைத் திறக்காமல் சிரித்தவன் நீ.

மருமகள் கேட்கிறாள், கவர் மீனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன். அதுவாவது பிழைத்துக் கிடக்கட்டும். வந்து கறுப்பு மீனுக்குத் தீனி போட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறின கைதான், ஆனாலும் பிய்ந்த நகம் எரிகிறது. மருமகள் மஞ்சள் வைக்கச் சொல்கிறாள். வேண்டாம் தாயி, எரியட்டும் என்றேன்.