வெள்ளையாக வந்த வடிதாள்

இன்று காலை ஆய்வுகூட அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது உன் சமையலறைப் புகையை அளக்கக் கருவிக்குள் வைத்திருந்த வடிதாள் அகப்பட்டது. கெலிஓயாவில் நாங்கள் அளந்த மற்றச் சமையலறைகளின் தாள்களெல்லாம் புகை பிடித்துக் கன்னங்கரேலென்று கிடக்க, உன்னுடையது மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை மட்டும் தனியே எடுத்து வைத்தேன், அடியே.

கருவியை உன் சுவரில் மாட்ட வந்த அன்று, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள் எஞ்சினியராக வந்திருக்கிறாள் என்று உனக்குத் தலைகால் புரியவில்லை. "ரோட்டுல பஸ் விடுற புகைய விட்டுட்டு என் அடுப்ப அளக்க வந்துட்டியாடீ?" என்று சிரித்தாய்.

"பஸ் புகையையும் அளக்குறோம். நீ எப்பவும் போல சமை, அது போதும்" என்றேன். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தே பிள்ளைகளை வளர்த்தவள் நீ. விறகைத் தவிர வேறென்ன எரிக்கப்போகிறாய்? உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே படிவத்தில் 'விறகு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டேன்.

அதிகம் புகை காட்டிய வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். உன் வீட்டுக்கு இல்லை. விறகு எரித்தும் தாள் வெள்ளையாக இருக்கிறதே என்று, 'காற்றோட்டம் நன்று' என அறிக்கையில் எழுதிய மகராசியும் நான்தான். உன்னிடம் வந்து சொன்னபோது, "அட விடு" என்று இருமிக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாய்.

இரண்டு வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதுதான் சொன்னாய்: "அன்னைக்குப் பக்கத்து வீட்டுல கேஸ் அடுப்பு இரவல் வாங்கித்தான்டீ சமைச்சேன். நீ மெஷினோட வர்ற, வீடு பூரா புகையா இருந்தா எனக்கு வெக்கமா இருக்காதா?"

"ஏண்டீ அப்பவே சொல்லல?"

"நீ கேக்கலையே."

அடுத்த மாதம் நீ இல்லை. புகைதான் உன்னைக் கொண்டுபோனது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அந்த அடுப்பு கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று போய் நின்றேன். ஆய்வு முடிந்துவிட்டது என்றார்கள்.

இப்போது கடுகண்ணாவைப் பக்கம் அளக்கிறோம். இந்த முறையும் அதிகம் புகை காட்டும் வீட்டுக்குத்தான் அடுப்பு. போன வாரம் ஒரு அக்கா, சமையலறையைக் கழுவித் துடைத்து, இரவல் கேஸ் அடுப்போடு எனக்காகக் காத்திருந்தார்.

"இது வேணாங்க்கா. தினமும் எரிக்கிற விறகுலயே சமைங்க."

"புகையா வருமே மிஸ்!"

"வரட்டும்க்கா."

பாவம், குனிந்து ஊதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரும ஆரம்பித்தார். அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. இப்படி ஆகிவிட்டேன் பார், நான்.