ரெண்டு சக்கரத்து எலி

என்னைத் தனியாகப் பேச விட்டுவிட்டு முன்னால் போய்விட்ட என் தங்க மைனிக்கு,

உங்களுக்கு எழுத்துத் தெரியாது, அது எனக்குத் தெரியாதா? ஊரிலிருந்து வருகிற கடுதாசி எல்லாம் நான்தான் படிப்பேன், நீங்க முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்பீங்க. "அஞ்சாங்கிளாஸ் படிச்சவ வாயால கேட்டாத்தான் கடுதாசிக்கே ஒரு மதிப்பு" என்று என்னை ஏற்றியும் விடுவீங்க. இதை நம்ம சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கேட்டிருக்கிறார்கள். யாராவது சத்தம்போட்டுப் படிப்பார்கள். வழக்கம்போலக் காதை மட்டும் கொடுங்க.

முதல் சேதி. நம்ம வள்ளி டீச்சர் ஆகிவிட்டாள்.

ஆமாம் மைனி, என் மகன் ஆறுமுகத்தின் மூத்தவள், உங்க மடியில் கிடந்து வளர்ந்தவள், அதே வள்ளிதான். கோவண்டியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சின்னக் கிளாசுக்கு. தாராவியில் நம்ம வரிசையிலிருந்து சாக்கட்டியைப் பிடித்துப் போர்டில் எழுதப்போன முதல் பெண் என் பேத்திதான். கிழவி பெருமை அடிக்கிறாள் என்று படிக்கிறவர்கள் நினைக்கட்டும். பெருமைதான் அடிக்கிறேன்.

எப்படிப் போகிறாள் என்று கேட்பீங்களே. உங்க வீட்டுக்காரர், அதான் என் அண்ணன், அவர் சைக்கிளில்தான் போகிறாள்.

பஸ்ஸை நம்பிப் பார்த்தாள். சயான் ஸ்டாப்பில் நிற்காமலே போகிற பஸ்கள்தான் அதிகம். முதல் வாரமே பெரிய டீச்சரிடம் பேச்சு வாங்கிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அண்ணன்தான், மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "எனக்கு முட்டி போச்சு. இது சும்மா நின்னு என்ன செய்யப் போவுது?" என்றார்.

படிக்கிறவர்களுக்கு அந்த சைக்கிள் கதை தெரியாதே, சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மாட்டுங்காவில் வீடு வீடாக முறுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். சைக்கிள் வாங்கப் போனவர் ஒரு பார்சி வீட்டு அம்மா விற்ற லேடீஸ் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஊரே சிரித்தது. "அண்ணாச்சி, வளையலும் சேத்துக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்கள். "குறுக்குக் கம்பி இல்லாத இடத்துல முறுக்கு டின் உக்காருதுல்லா? கம்பியிலயா வியாபாரம் நடக்குது?" என்று அண்ணன் மிதித்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு அவர் பட்ட கேலிதான் இன்றைக்குப் பாவாடை தாவணிக்கு வசதியாகிவிட்டது. யார் நினைத்தது?

ஆறுமுகத்துக்குத்தான் மனசே இல்லை. அவன் கெட்டவன் இல்லை மைனி, பயந்தவன். உங்களுக்குத் தெரியாததா? சைக்கிள் முன்னாடி வந்து நின்றுகொண்டு சொன்னான்: "போறதுன்னா போ. ஆனா வழியில காத்துப் போயி நின்னேன்னா, சுத்தி நாலு ஆம்பளை கூடுவான். எந்தப் பஞ்சர்வாலா கிட்ட போயி நிப்பே? ஒரு தடவை நீ வழியில நின்னேன்னு என் காதுல விழுந்துச்சோ, அன்னைக்கோட சைக்கிளும் கிடையாது, வேலையும் கிடையாது."

வள்ளி என் பக்கம் திரும்பினாள். "பெரிய ஆச்சி பஞ்சர் சாமான் போட்டு வெச்சிருந்த பவுடர் டப்பா எங்க ஆச்சி?" என்று கேட்டாள்.

அந்த டப்பா அப்படியே இருந்தது. தேய்க்க உப்புக் காகிதம், ஒட்ட சொல்யூஷன், ரப்பர்த் துண்டு, டயரைக் கிளப்ப நீங்க வைத்திருந்த இரண்டு ஸ்பூன், எல்லாம். சொல்யூஷன் மட்டும் காய்ந்து கல்லாகிவிட்டது. புதுசு வாங்கிப் போட்டாள்.

அண்ணனுக்குப் பஞ்சர் ஒட்டப் பொறுமை ஏது? நீங்கதானே ஒட்டினீங்க. குழாயில் ஒரு குடம் தண்ணிக்கு அடிதடி நடக்கிற இடத்தில் டியூபை முக்க நல்ல தண்ணி எங்கே கிடைக்கும்? அரிசி களைந்த தண்ணியில் முக்குவீங்க. அதில் குமிழி வந்தால் உடனே உடையாமல் நிற்கும், ஊசி ஓட்டை கூடத் தப்பாது. டயர் வாய் பிளந்திருந்தால் தோல் கிடங்கில் கழித்துப் போட்ட துண்டைச் சீவி உள்ளே வைப்பீங்க. "மனுசன் காலுக்குத் தோல் போடலாம், இதுக்குப் போடக்கூடாதா?" என்பீங்க.

அதெல்லாம் கூடப் பெரிசில்லை. அந்த முந்தானைதான்.

டியூபை ஒட்டி முடித்ததும் திரும்ப மாட்ட மாட்டீங்க. குத்தினது எது என்று தெரிய வேண்டும் உங்களுக்கு. முந்தானையைச் சுருட்டி டயருக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி வருவீங்க. கண்ணாடிச் சில்லு என்றால் விரலைக் கிழிக்கும். மெல்லிசுக் கம்பி என்றால் விரலுக்குத் தட்டவே தட்டாது. துணி என்றால் நூலைப் பிடித்து இழுத்து, இங்கே இருக்கிறேன் என்று காட்டிக்கொடுத்துவிடும். செருப்பு ஆணி கொட்டிக் கிடக்கிற நம்ம சந்துக்கு அது இல்லாமல் முடியுமா? தீபாவளிக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலைக்குக் கார்த்திகை வருவதற்குள் முந்தானை சல்லடை.

குழாயடியில் ஒருத்தி கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "ஏ முறுக்கு அக்கா, உங்க வீட்டு எலி உங்க முந்தானையை மட்டும்தான் திங்குமோ?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னீங்க: "ஆமாட்டி. அந்த எலிக்கு ரெண்டு சக்கரம்."

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம், மழை விட்டிருந்த ஒரு காலை. செம்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவளுக்குப் பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் தூரம். அப்பா சொன்னபடியே இரண்டு பேர் வந்து நின்றார்கள். "க்யா ஹுவா பஹன், என்ன ஆச்சு, நாங்க பார்க்கவா?" என்று இந்தியில் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனுசர்களாகக் கூட இருக்கலாம். இவள் "நக்கோ", வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

முக்கிப் பார்க்கத் தண்ணி கிடையாது, மழைக் குட்டையெல்லாம் வெறும் சேறு. சைக்கிளில் கட்டியிருந்த பம்பால் டியூபில் கொஞ்சம் காற்றடித்து, ஈர உதட்டுப் பக்கம் வைத்து நகர்த்தியிருக்கிறாள். காற்று சில்லென்று பட்ட இடத்தில் தேய்த்தாள், தடவினாள், காயவிட்டு ஒட்டினாள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. மாட்டிக் காற்றடித்து நாலு மிதி மிதித்தாள். மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

"அப்போ அழுகை வந்துட்டு ஆச்சி" என்றாள் என்னிடம். "வேலை போச்சுன்னே நினைச்சேன். அப்பா முகம்தான் வந்துச்சு. பொறவு பெரிய ஆச்சி முந்தானை வந்துச்சு."

தாவணி நுனியைச் சுருட்டி டயருக்குள் விட்டிருக்கிறாள் மைனி. ஒரு சுற்று. ஒரு இடத்தில் துணி மாட்டிக் கிழிந்தது; மறுபடி மறுபடி விட்டாலும் அதே இடத்தில்தான் கிழிந்தது. பிரித்துப் பார்த்தால் தலைமுடி போல ஒரு கம்பி, வெளியே தெரியாமல் டயருக்குள்ளேயே புதைந்து கிடந்திருக்கிறது. பல்லால் கடித்துப் பிடுங்கி, டியூபை மறுபடி ஒட்டி மாட்டினாளாம். இந்தத் தைரியம் யாரிடமிருந்து வந்தது? என்னிடமிருந்து என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

பெல் அடித்து, பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது கரிக் கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆனால் சாயங்காலம் வந்ததே ஒரு சோதனை. வாசலில் உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தின் கண்ணில் முதலில் பட்டது தாவணிதான். நுனியெல்லாம் கிழிசல், நூல் தொங்குகிறது, கரி வேறு. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"என்னட்டி இது? எவன் கையை வெச்சான்? சொல்லு!"

"யாரும் வைக்கலைப்பா. நானேதான் கிழிச்சேன்."

"தாவணியை நீயே கிழிப்பியா? யார்கிட்ட கதை விடுதே?"

அவள் நினைத்திருந்தால் முள்ளில் மாட்டியது என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நானும் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பஞ்சர் ஆச்சுப்பா" என்றாள்.

"அப்போ வழியில நின்னுருக்கே."

"சைக்கிள் நின்னுச்சு. நான் நிக்கலை. யாரையும் கேக்காம ஒட்டிக்கிட்டுப் போனேன்."

நான் முறுக்கை எண்ணெயில் போட்டது போட்டபடி நிற்கிறேன். ஆறுமுகத்தின் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவனையே பார்க்கிறேன்.

அப்போதுதான் அண்ணன் கட்டிலிலிருந்து கையை நீட்டினார். "அந்தத் தாவணியை இங்க கொண்டா." நுனியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஓட்டையாகக் கட்டைவிரலால் தடவினார். எவ்வளவு நேரம் தடவினார்! நீங்க போனதிலிருந்து அந்த மனுசன் சிரித்து நான் பார்க்கவில்லை மைனி. மெள்ளச் சிரித்தார்.

"ஏல ஆறுமுகம், பயப்படாத" என்றார். "இது நம்ம வீட்டு எலிதாம்ல."

ஆறுமுகம் தரையைப் பார்த்தான். அந்த சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஊர் சுற்றின பயல்தானே அவன்? உங்க முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவனுக்கு அந்த ஓட்டையைத் தெரியாமல் போகுமா? எழுந்து கை கழுவப் போனான்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குந்தி உட்கார்ந்து பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தான். "காத்துக் கொஞ்சம் கம்மியா இருக்கும்மா" என்றான், யாரோ கேட்டதுபோல. பம்பை எடுத்து அவனே அடித்துக் கொடுத்தான்.

இன்னும் என்ன சேதி? டிராம் எல்லாம் நிறுத்தியாச்சு. தண்டவாளத்தில் சக்கரம் மாட்டிவிட்டது என்று அண்ணன் திட்டுவாரே, இனிமேல் திட்ட வழியில்லை. ரேஷன் அரிசிக்கு க்யூ நீண்டுகொண்டே போகிறது. களைந்த தண்ணியை மட்டும் நான் இன்னும் கொட்டுவதில்லை.

நேற்று அண்ணன் பெட்டியைத் திறந்து உங்க சுங்குடிச் சேலையை எடுத்தார். அதை யாரையும் தொடவிட்டதில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். முந்தானையில் ஒரு சாண் அவரே கிழித்து, மடித்து, பவுடர் டப்பாவுக்குள் வைத்து வள்ளி கையில் கொடுத்தார். "புதுத் தாவணியைப் பாழாக்காதே தாயி" என்று மட்டும் சொன்னார்.

அங்கே போயும் எதையாவது முந்தானையால் தடவிக்கொண்டுதான் இருக்கிறீங்களோ என்னவோ. இருந்தால் இதைக் கேளுங்க. உங்க துணி நூல் நூலாகப் போகிறவரைக்கும் நம்ம பிள்ளை வழியில் நிற்க மாட்டாள். அது தீர்ந்துபோனால், என் முந்தானை இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது மைனி. அதைத் தருகிறேன். எலிக்குச் சாப்பாடு போட இந்த வீட்டில் ஆள் உண்டு.

உங்க வாய்க்கு வாய் பேசின நாத்தனா,
வள்ளி டீச்சரின் ஆச்சி
சண்முகத்தாய்